பவுலை யாரோடு படிப்பது: பதியுவா, அகம்பெனா, டாவ்பெஸா?

முதல் நூற்றாண்டில் கிறிஸ்துவை அறிவித்துத் திரிந்த யூதரான பவுல் எழுதிய நிருபங்களை, அதாவது கடிதங்களை, சபையில் வாசிக்கக் கேட்டே வளர்ந்தவர்கள் உண்டு. பைபிளைத் திறந்தே பார்க்காமல், மார்க்சியம், உளப்பகுப்பாய்வு என்று சுற்றி அவரிடம் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கேட்பது ஒரே கேள்விதான். பவுலைப் பற்றி ஐரோப்பியத் தத்துவவாதிகள் எழுதியிருப்பதில் ஒரே ஒரு புத்தகம் படிக்கத்தான் நேரம் இருக்கிறது, எதை எடுப்பது?

பெரும்பாலும் கிடைக்கும் பதில் பிரெஞ்சுத் தத்துவவாதி அலென் பதியு. சின்னப் புத்தகம், தெளிவான நடை, நூறு பக்கத்துக்குச் சற்று மேல். நான் அதை முதலில் எடுக்கச் சொல்ல மாட்டேன். யூதச் சிந்தனையாளர் யாக்கோப் டாவ்பெஸில் தொடங்குங்கள் என்பேன். அது ஒழுங்காக எழுதப்பட்ட புத்தகமே இல்லை, பேசியதைப் பதிவு செய்து எழுத்தாக்கியது. அப்படியிருந்தும் ஏன் அதையே சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

முதலில், எதைப் படிக்கிறோம் என்பதில் ஒரு தெளிவு. புதிய ஏற்பாட்டில் பவுல் பெயரில் 13 நிருபங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏழு அவரே எழுதியவை என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை: ரோமர், கொரிந்தியர் இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், முதலாம் தெசலோனிக்கேயர், பிலேமோன். இவை கி.பி. 50களில் எழுதப்பட்டவை, அதாவது நான்கு சுவிசேஷங்களுக்கும் முந்தியவை. தத்துவவாதிகள் சுற்றிச் சுற்றி வருவது பெரும்பாலும் இந்த ஏழைத்தான், அதிலும் ரோமரையும் கலாத்தியரையும் முதல் கொரிந்தியரையும்.

இந்த விவாதத்துக்குச் சூடு ஏற்றியவர் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே. 1888இல் எழுதி 1895இல் வெளியான 'கிறிஸ்துவின் எதிரி' நூலில் பவுலை அவர் விட்டுவைக்கவே இல்லை. இயேசு வாழ்ந்து காட்டியதைப் பவுல் ஒதுக்கித் தள்ளிவிட்டு, சிலுவை, உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு என்று ஒரு கோட்பாட்டைக் கட்டினார், பூசாரித்தனத்தின் அதிகாரப் பசிதான் அவரை நடத்தியது என்பது குற்றச்சாட்டு. நற்செய்திக்கு நேர் எதிரான செய்தியைக் கொண்டுவந்தவர் என்றே அவரைச் சொன்னார். பின்னால் வந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் நீட்சேவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீட்சே பவுலின் எதிராளி என்பதைவிடப் போட்டியாளர் என்பதே சரி என்று பதியு சொல்வது இங்கே கவனிக்க வேண்டியது. இருவருமே புதிய மனிதனைத் தொடங்கி வைக்க வந்தவர்கள்.

பதியு 1937இல் மொராக்கோவின் ரபாத்தில் பிறந்தவர், நாத்திகர், மாவோயிஸ்ட் பின்னணி கொண்டவர். பவுல் பற்றிய அவருடைய நூல் 1997இல் பிரெஞ்சில் வந்தது, ஆங்கிலத்தில் 2003. உயிர்த்தெழுதல் ஒரு கட்டுக்கதை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். அதை மறைத்துப் பேசுகிற வழக்கம் அவரிடம் இல்லை, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். கதை பொய்யாக இருக்கட்டும், அந்தக் கதையை வைத்துப் பவுல் செய்த காரியம் என்ன என்பதே அவர் கேள்வி. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்த பவுலுக்குத் தமஸ்கு வழியில் ஏதோ ஒன்று நடக்கிறது, உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டேன் என்கிறார். அதற்கு முன்தயாரிப்பு கிடையாது, அத்தாட்சி கிடையாது, யாரும் அங்கீகரிக்கவும் இல்லை. பவுல் எருசலேமுக்கு ஓடிப்போய் மூத்த அப்போஸ்தலர்களிடம் ஒப்புதல் வாங்கவில்லை, அரபியாவுக்குப் போகிறார். நிகழ்ச்சி ஒன்று நடந்தது என்று அறிவித்து, அதற்கு விசுவாசமாக நடப்பதிலேயே ஒரு புதிய மனிதன் உருவாகிறான். அந்த அறிவிப்பு யூதனுக்கு மட்டும், கிரேக்கனுக்கு மட்டும் என்று இல்லாமல் எல்லாருக்கும். பதியு கண்ட பவுல் இவர்தான். புரட்சியாளன் எப்படி உருவாகிறான் என்பதற்கு ஒரு வடிவம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

அந்த நூலின் சிறந்த இடங்கள் பவுல் சண்டைக்கு நிற்கும் இடங்கள். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் வரும் அந்தியோகியா விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுரு அங்கே புறஜாதியாரோடு, அதாவது யூதர் அல்லாதவர்களோடு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து, அங்கே சபைத் தலைவராக இருந்த யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்தார்கள். உடனே பேதுரு பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். மற்ற யூதர்களும் அவர் பின்னால் போனார்கள், பவுலின் கூட்டாளி பர்னபாவும்கூட. பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தார். இது இறையியல் மாநாட்டில் நடந்த விவாதமாகத் தொடங்கவில்லை, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற பிரச்சினையாகத்தான் தொடங்கியது. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்ற வரி இதே நிருபத்தில் அடுத்த அதிகாரத்தில் வருகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்த வரியின் எடையை யாரும் விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் மாதா கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்கார வைத்த வரலாறு அந்த வரியைப் படித்துக்கொண்டே நடந்த வரலாறு. பந்தியும் பெஞ்சும் கல்லறையும் தனித்தனியாக இருக்கும் இடத்தில் 'எல்லாருக்கும்' என்ற சொல் ஒரு நிலைப்பாடு. பதியுவைப் படிக்கும்போது அந்தச் சொல்லுக்குப் பழைய கூர்மை திரும்புகிறது. இதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

1990களின் பிரான்ஸை மனதில் வைத்துதான் அவர் எழுதினார் என்பதையும் மறக்கக் கூடாது. குடியேறியவர்களுக்கு எதிரான சட்டங்கள், பிரான்ஸ் பிரெஞ்சுக்காரர்களுக்கே என்ற கோஷம் ஒரு பக்கம். ஒவ்வொரு அடையாளத்தையும் தனிச் சந்தையாக மாற்றி விற்கும் முதலாளியம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்பது அவர் வாதம். இரண்டுக்கும் எதிராக அவர் நிறுத்திய ஆள் பவுல்.

சரி, அப்படியானால் என்ன குறை? பதியுவின் பவுல் மிகத் தெளிவாக இருக்கிறார் என்பதே குறை. புத்தகத்தை மூடும்போது பவுல் என்ன சொன்னார் என்று உங்களுக்கு முழுதாகத் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும், நிருபத்தைத் திறக்க வேண்டிய அவசியமே தோன்றாது. பவுலோ, கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று முதல் கொரிந்தியர் 15இல் எழுதியவர். உள்ளடக்கம் பொய், வடிவம் மட்டும் சரி என்று பிரிப்பதற்கு அவர் கொஞ்சமும் இடம் கொடுக்கவில்லை. பதியு பிரித்துவிட்டு, அந்தப் பிரிவினை பவுலுக்கே எவ்வளவு வலிக்கும் என்ற கேள்வியைத் தாண்டிப் போகிறார்.

அடுத்தது யூத மதம். நியாயப்பிரமாணம் (மோசே வழி வந்த யூதச் சட்டம்) என்றால் கணக்கு, கூலி, எல்லை, கிருபை என்றால் இலவசம், எல்லையின்மை என்று பதியுவிடம் ஒரு நேர்கோட்டு எதிர்மறை இருக்கிறது. இந்த எதிர்மறையை வரலாற்று ஆய்வு எப்போதோ ஆட்டம்காண வைத்துவிட்டது. 1977இல் இ. பி. சாண்டர்ஸ் எழுதிய நூல், பவுல் காலத்து யூத மதம் புண்ணியம் சேர்த்து மீட்பு வாங்கும் மதமே இல்லை என்று யூத நூல்களை வைத்தே காட்டியது. உடன்படிக்கையும் தேவனுடைய இரக்கமும் முதலில், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வது அதற்குள் நிலைத்திருக்கும் வழி. அதற்கும் முன்னால், 1963இல், சுவீடன் ஆய்வாளர் கிறிஸ்டர் ஸ்டெண்டால், குற்றவுணர்வில் துடிக்கும் பவுல் என்பவர் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் வழியாக நாம் உருவாக்கிக்கொண்ட ஆள் என்று வாதிட்டிருந்தார். 2005இல் அமெரிக்காவின் சிரக்யூஸில் பதியு, ஸ்லோவேனியரான ஜிஜெக் போன்ற தத்துவவாதிகளும் சாண்டர்ஸ், போயாரின், பவுலா ஃபிரெட்ரிக்சன் போன்ற ஆய்வாளர்களும் ஒரே கருத்தரங்கில் கூடினார்கள். அந்தக் கட்டுரைகள் தொகுப்பாகவும் வந்திருக்கின்றன. இரு தரப்பும் பேசுவது ஒரே ஆளைப் பற்றித்தானா என்ற சந்தேகம் படிக்கும்போது அடிக்கடி வரும்.

டாவ்பெஸ் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறார். 1923இல் வியன்னாவில் ரபி குடும்பத்தில் பிறந்தவர், அவரும் ரபியாகப் பட்டம் பெற்றவர். பெர்லினில் பேராசிரியராக இருந்தார். வாழ்நாளில் எழுதி முடித்தது மிகக் குறைவு. 1987 பிப்ரவரி கடைசி வாரத்தில் ஹைடல்பெர்க்கில் ஒரு புராட்டஸ்டன்ட் ஆய்வு நிறுவனத்தில் ரோமர் நிருபத்தைப் பற்றிப் பேச வந்தார். அப்போது புற்றுநோய் முற்றியிருந்தது, அவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். மார்ச்சில் இறந்துவிட்டார். ஒலிநாடாவில் பதிவானதை அலைடா அஸ்மன், யான் அஸ்மன் இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து எழுத்தாக்கி 1993இல் ஜெர்மனில் வெளியிட்டார்கள். ஆங்கிலம் 2004. அதனால் நூலில் குறுக்குவழிகள், திடீர் நிறுத்தங்கள், பாதியில் விட்ட வாக்கியங்கள் எல்லாம் இருக்கும். ஆனால் அவர் முன்னால் நிருபம் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நீங்களும் அதைத் திறக்க வேண்டியிருக்கும்.

அவர் முதலில் பார்ப்பது முகவரியை. இந்த நிருபம் ரோமுக்குப் போகிறது. காலம் சுமார் கி.பி. 57, நீரோ ஆட்சியில் இருக்கிறான். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் கிலவுதியு பேரரசன் யூதர்களை ரோமிலிருந்து விரட்டியிருந்தான், அப்போஸ்தலர் நடபடிகளில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவுக்கு வந்து சேர்வது அப்படித்தான். பேரரசனைத் தேவகுமாரன் என்று கொண்டாடும் நகரத்துக்கு, இயேசுவைத் தேவகுமாரன் என்று முதல் நான்கு வசனத்துக்குள் அறிவித்து ஒரு கடிதம் எழுதினால் அது வெறும் பக்தி வாழ்த்தா? அரசியல் போர் அறிவிப்பு என்கிறார் டாவ்பெஸ். நியாயப்பிரமாணம் என்ற பேச்சும் அவரிடம் தோரா என்ற யூத வேதச் சட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. சட்டம் என்பதையே தெய்வமாக்கி வைத்திருந்த அந்தக் காலத்து மத்தியதரைக்கடல் உலகம் முழுவதையும் அது தொடுகிறது. சட்டம் சிலுவையில் அறைந்த ஒருவனே அரசன் என்று பவுல் சொல்லும்போது அடிபடுவது யூத மதம் மட்டும் இல்லை, ரோமும்தான். பதியுவிடம் இல்லாத ஒரு பரிமாணம் இது. 13ஆம் அதிகாரத்தில் அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று வருகிறதே என்று கேட்பீர்கள். டாவ்பெஸ் அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியைச் சேர்த்துப் படிக்கச் சொல்கிறார்: "இரவு சென்றுபோயிற்று, பகல் சமீபமாயிற்று." விடியப்போகிற நேரத்தில் இந்த அதிகாரத்தை எதிர்த்துக் கலகம் செய்து வீணாவானேன் என்பதுதான் அங்கே தொனி. இந்த விளக்கம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. அந்த ஒரு அதிகாரத்தை எத்தனையோ ஆட்சிகள் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தியிருக்கின்றன, ஒரு வரி அதைத் தாங்குமா என்று தெரியவில்லை.

நூலின் இதயம் ரோமர் 9 முதல் 11 வரை. என் சகோதரருக்காக நானே சபிக்கப்பட்டுக் கிறிஸ்துவை விட்டு நீக்கப்பட்டாலும் சரி என்கிற அளவுக்குப் பவுல் 9ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் போகிறார். டாவ்பெஸ் உடனே யாத்திராகமம் 32ஐ எடுக்கிறார். பொன் கன்றுக்குட்டி செய்த ஜனத்தை அழித்துவிட்டு மோசேயிடமிருந்து புது ஜனத்தை உண்டாக்குவதாகத் தேவன் சொல்கிறார். மோசே, இவர்களை மன்னியும், இல்லையென்றால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்கிறார். இந்தக் காட்சி யூதர்களின் பாவநிவிர்த்தி நாள் வழிபாட்டில் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை உள்ளேயிருந்து தெரிந்தவர் பேசுகிறார். அந்த வழிபாட்டில் நின்று வளர்ந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வி அப்போது வருகிறது: மோசேக்கு வந்த அதே சோதனை பவுலுக்கு வரும்போது அவர் என்ன செய்கிறார்? மோசே தன் ஜனத்தோடு நிற்கிறார். பவுலும் தன் ஜனத்தை விடாமல்தான் புது ஜனத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. 'எல்லாருக்கும்' என்ற அறிவிப்பு ஒரு மனிதனுக்குள் எவ்வளவு வேதனையோடு வந்தது என்பது இங்கே தெரிகிறது. பதியுவின் பவுலுக்கு இந்த வேதனை கிடையாது.

இதன் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. கார்ல் ஷ்மிட், 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்த சட்ட அறிஞர், அரசியல் என்றால் நண்பன் யார் எதிரி யார் என்று பிரிப்பதே என்று எழுதியவர். 1970களின் கடைசியில் டாவ்பெஸ் பிளெட்டன்பர்க்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போனார். போவதா வேண்டாமா என்று பல வருடம் தயங்கிய பிறகுதான் போனார். அங்கே இருவரும் உட்கார்ந்து ரோமர் 9 முதல் 11 வரை படித்தார்கள். யூதர்களைப் பற்றி 11:28 இப்படி வருகிறது: "சுவிசேஷத்தைக்குறித்து அவர்கள் உங்கள்நிமித்தம் பகைஞராயிருக்கிறார்கள், தெரிந்துகொள்ளுதலைக்குறித்து அவர்கள் பிதாக்களினிமித்தம் அன்புகூரப்பட்டவர்களாயிருக்கிறார்கள்." பகைஞர், ஆனால் அன்புகூரப்பட்டவர்கள். இரண்டும் ஒரே வசனத்தில். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஐரோப்பா செய்ததை எல்லாரும் அறிவார்கள். சாவதற்குள் இதை நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள் என்று ஷ்மிட் கேட்டுக்கொண்டதாக டாவ்பெஸ் சொல்கிறார். ஹைடல்பெர்க் பேச்சு அப்படி வந்ததுதான்.

இப்போது அகம்பென். 1942இல் ரோமில் பிறந்த இத்தாலியத் தத்துவவாதி. 2000இல் வந்த அவருடைய நூல் டாவ்பெஸின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது, அதிலேயே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கருத்தரங்கு வடிவில் ஆறு நாள், ரோமர் 1:1இன் பத்து கிரேக்கச் சொற்கள், அவ்வளவுதான் திட்டம். (இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964இல் எடுத்த மத்தேயு சுவிசேஷப் படத்தில் அப்போஸ்தலன் பிலிப்புவாக நடித்த இளைஞர் இதே அகம்பென். அதே பசோலினி பவுலைப் பற்றி எழுதி, எடுக்க முடியாமலே போன திரைக்கதைக்குப் பதியு ஒரு பகுதி முழுவதும் ஒதுக்கியிருக்கிறார்.)

பதியுவோடு அகம்பெனுக்கு நேரடி மோதல் உண்டு. பவுல் வேறுபாடுகளைத் தாண்டிய ஒரு பொது மனிதனை நிறுவவில்லை என்கிறார். நியாயப்பிரமாணம் உலகத்தை யூதர், யூதர் அல்லாதார் என்று இரண்டாகப் பிரித்தது. பவுல் அந்தக் கோட்டை அழிக்கவில்லை, அதன்மேல் குறுக்காக இன்னொரு கோடு போடுகிறார். ரோமர் 2இன் கடைசியில் புறம்பாக யூதனானவன், உள்ளத்திலே யூதனானவன் என்று யூதருக்குள்ளேயே ஒரு பிரிவு வருகிறதே, அதுதான் அந்தக் கோடு. மறுபக்கத்துக்கும் அப்படியே. இதன் பிறகு யாரும் தன் அடையாளத்தோடு முழுதாகப் பொருந்துவதில்லை, எந்தக் கணக்கிலும் ஒரு மீதி நிற்கிறது. "தெரிந்துகொள்ளுதலின்படி ஒரு பங்கு மீதியாயிருக்கிறது" என்ற 11:5ஐ அவர் அரசியலின் அடிப்படையாகவே எடுத்துக்கொள்கிறார். பெரும்பான்மையும் இல்லை, சிறுபான்மையும் இல்லை, மீதி.

இன்னொன்று முதல் கொரிந்தியர் 7. மனைவி உள்ளவர்கள் இல்லாதவர்கள்போல, அழுகிறவர்கள் அழாதவர்கள்போல, வாங்குகிறவர்கள் சொந்தமில்லாதவர்கள்போல இருக்கட்டும், இவ்வுலகத்தின் வேஷம் கடந்துபோகிறதே என்று வருகிற பகுதி. உள்ள நிலையிலேயே இருந்துகொண்டு அந்த நிலையின் பிடியை உள்ளேயிருந்து தளர்த்துவது என்று அகம்பென் இதை விளக்குகிறார். அழகான விளக்கம், இரண்டு மூன்று முறை படிக்கலாம். ஆனால் அதே அதிகாரத்தில் அடிமையிடம் 'அதைக்குறித்துக் கவலைப்படாதே' என்றும் வருகிறது. பிலேமோனில் ஒநேசிமு எஜமானிடம் திரும்ப அனுப்பப்படுகிறான், இனிமேல் அவன் அடிமையாக இல்லாமல் பிரியமான சகோதரனாக என்ற வேண்டுகோளோடு. பிடி தளர்ந்துவிட்டது என்று எஜமானுக்குச் சொல்வது எளிது, அடிமைக்கு அது போதுமா? இந்தக் கேள்வியை அகம்பெனிடம் கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். பதியுவிடமும் இதற்குத் திடமான பதில் இல்லை. ஆண் பெண் விஷயத்தில் மட்டும் அவர் ஒரு நல்ல கவனிப்பைச் செய்கிறார்: மனைவியின் சரீரத்துக்குக் கணவன் அதிகாரி என்று சொன்ன கையோடு, கணவனின் சரீரத்துக்கு மனைவி அதிகாரி என்றும் அதே வசனத்தில் பவுல் எழுதுகிறார்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர் 1920–21 குளிர்காலப் பருவத்தில் ஃப்ரைபர்க்கில் கலாத்தியரையும் தெசலோனிக்கேயரையும் வைத்துப் பாடம் நடத்தினார். கர்த்தருடைய நாள் இரவில் திருடன் வருகிற மாதிரி வரும் என்ற வரியிலிருந்து, காலத்தை நாள் எண்ணிக்கையாகப் பார்க்காமல் விழிப்போடு வாழும் முறையாகப் பார்க்கலாம் என்று எடுத்தார். அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு அது விதை. ஹைடெகரைத் தெரிந்தவர்களுக்கே அது சுவைக்கும். ஜிஜெக்கின் ஆர்வம் ரோமர் 7இல்: இச்சியாதே என்று சட்டம் சொன்னதால்தான் இச்சை பிறந்தது என்ற சுழல். உளப்பகுப்பாய்வாளர் லக்கான் 1959–60 கருத்தரங்கில் இந்தப் பகுதியைப் பாவம் என்ற சொல்லை மட்டும் மாற்றி வாசித்துக் காட்டியிருந்தார், ஜிஜெக் அங்கிருந்து தொடர்கிறார். வேகமாக ஓடும் எழுத்து, பவுலைவிட லக்கானும் ஹெகலும்தான் அதிகம். பவுலுக்காகப் படிக்கிறவர்கள் அவரைத் தள்ளிப்போடலாம்.

ஆக, யாருக்கு எது? இயக்கத்தில் இருப்பவர், சமத்துவத்துக்கு ஒரு கூர்மையான தத்துவ வாதம் தேடுகிறவர் என்றால் பதியுவை எடுக்கலாம், தவறில்லை. கூடவே சாண்டர்ஸின் வாதத்தையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் யூத மதத்தைப் பற்றிய பழைய தப்பெண்ணத்தைப் புதுச் சட்டையில் வாங்கிக்கொண்டு வருவீர்கள். அந்தத் தப்பெண்ணத்துக்கு, பழைய ஏற்பாட்டையே ஒதுக்கித் தள்ளிய மார்சியன் காலத்திலிருந்து, அதாவது இரண்டாம் நூற்றாண்டிலிருந்து, நீண்ட வரலாறு உண்டு. டாவ்பெஸ் மார்சியனுக்கு ஒரு பகுதியே ஒதுக்கியிருப்பது சும்மா இல்லை. விசுவாசத்தோடு வளர்ந்தவர்களுக்கு டாவ்பெஸ்தான் முதலில். ஏற்கெனவே தெரிந்த நிருபம் தெரியாத நிருபமாக மாறும். விசுவாசம் இல்லாதவர்களுக்கும் அவரையே சொல்வேன், ஏனென்றால் பவுலைக் கருத்தாக ஆக்காமல் ஒரு யூதனாக, கடிதம் எழுதுகிற ஆளாகக் காட்டியவர் இவர்களில் அவர் ஒருவரே. அகம்பென் மூன்றாவதாக, அவசரமில்லாமல்.

குழுவாகப் படிப்பதாக இருந்தால் முதல் அமர்வில் எந்தத் தத்துவவாதியும் வேண்டாம். ரோமர் நிருபத்தின் 16 அதிகாரங்களையும் ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாக வாசியுங்கள், ஒரே மாலையில் முடிந்துவிடும். இரண்டாவது அமர்வுக்கு டாவ்பெஸின் முதல் பாகம், யாத்திராகமம் 32ஐயும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மார்சியன், பெஞ்சமின், நீட்சே, ஃபிராய்டு என்று போகும் இரண்டாம் பாகத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பதிப்பின் பின்னிணைப்பில் ஷ்மிட் சந்திப்புக் கதை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் கலாத்தியரைப் படித்துவிட்டுப் பதியு. அகம்பெனைத் தொடுவதற்கு முன் கிரேக்கம் கொஞ்சமாவது தெரிந்த ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், இறையியல் கல்லூரியில் படித்தவர் யாராவது அக்கம்பக்கத்தில் இருப்பார்.